புரட்டாசியும் கடைசிப் பந்தியும்: மகளுக்கு ரத்தம் குறைவு, வீட்டில் எப்படிப் பேசுவது?

திண்டுக்கல் மருமகள்:

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு வழக்கம் பற்றி ஒரு யோசனை வேண்டும். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கூட்டுக் குடும்பம். மாமா, அத்தை, கொழுந்தனார், ஓரகத்தி, அவர்கள் பையன், அப்புறம் நாங்கள் நாலு பேர். எல்லோருக்கும் ஒரே அடுப்பு. பெருமாள் கும்பிடுகிற குடும்பம் என்பதால் சனிக்கிழமை கவுச்சி கிடையாது. செவ்வாய், வெள்ளி, அமாவாசை, கிருத்திகைக்கும் கிடையாது. புரட்டாசி வந்தால் மாதம் முழுக்க முட்டைகூட வாசற்படி தாண்டாது. மாதம் பிறப்பதற்கு முந்தின நாளே கறிச்சட்டி, மீன்சட்டி, அதற்கென்று இருக்கிற கரண்டி எல்லாவற்றையும் புளி போட்டுத் தேய்த்து, வெயிலில் காயவைத்துப் பரணில் ஏற்றிவிடுவோம். ஃப்ரிட்ஜைத் துடைத்து, வீடு கழுவிவிட்டு, அப்புறம்தான் விளக்கேற்றுவோம். இதெல்லாம் எனக்குப் பாரமாகத் தெரிந்ததே இல்லை. சனிக்கிழமை காலையில் தலைக்குக் குளித்து, நாமம் போட்ட செம்பை எடுத்துக்கொண்டு பிள்ளைகள் தெருவில் கோவிந்தா போட்டு அரிசி வாங்கி வருவதும், அதில் பொங்கல் வைத்துத் தளிகை போட்டு மாவிளக்கு ஏற்றுவதும் எனக்கும் பிடித்த விஷயம்தான். விரதத்தைக் குறை சொல்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

கவலை என் மகளைப் பற்றி. அரசுப் பள்ளியில் ஏழாவது படிக்கிறாள். சித்திரையில் வயதுக்கு வந்தாள். போன வாரம் பிரேயரில் நின்றுகொண்டிருந்தவள் கண்ணை இருட்டிக்கொண்டு வருகிறது என்று உட்கார்ந்துவிட்டாள். ரத்தம் எடுத்துப் பார்த்ததில் ஹீமோகுளோபின் 9.4. டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து, முட்டை, ஈரல், கீரை எல்லாம் நன்றாகக் கொடுங்கள் என்றார். இப்போது புரட்டாசி பிறக்கப் போகிறது. அத்தையிடம் மெதுவாகச் சொன்னேன். "ஒரு மாசம்தானே, ஐப்பசி பிறந்ததும் தினமும் ஈரல் வாங்கிப் போடு, யார் வேண்டாம்னு சொன்னா" என்கிறார். பள்ளியில் சத்துணவில் முட்டை கொடுப்பார்கள், அதையும் இந்த மாதம் வாங்கக் கூடாது, முட்டை சாப்பிடாத பிள்ளைகளுக்கு வாழைப்பழம் தருவார்கள் இல்லையா, அதைக் கேட்டு வாங்கிக்கொள் என்று அவளிடம் சொல்லிவிட்டார். இவரிடம் கேட்டால் "அம்மாகிட்ட நீயே பேசிக்கோ" என்று நகர்ந்துவிடுகிறார்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் முதலில் மாமாவும் ஆண்களும் உட்காருவார்கள், அப்புறம் பையன்கள், கடைசியாகப் பெண்கள். மகள் முன்பெல்லாம் பையன்களோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். வயதுக்கு வந்ததிலிருந்து "இனி பொம்பளைகளோட உட்காரட்டும்" என்று அத்தை மாற்றிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை ஒரு கிலோ கோழி எடுத்தால் ஒன்பது பேருக்கும் அதுதான். ஈரல் பையன்களுக்கு, தொடை ஆண்களுக்கு. எங்கள் முறை வரும்போது குழம்பும் கழுத்தெலும்பும் இருக்கும்.

பக்கத்து வீட்டு அக்கா, "என் வீட்டுக்கு அனுப்பு, அவித்த முட்டை கொடுத்து அனுப்புகிறேன், யாருக்கும் தெரிய வேண்டாம்" என்கிறார். செய்யலாமா? அத்தையிடம் வேறு எப்படித்தான் பேசுவது?

கோழிப்பண்ணைக்காரன்:

அக்கா, ஒளித்துக் கொடுக்காதீர்கள். முட்டை தின்றது தப்பு என்று பிள்ளை மனதில் பதிந்துவிடும். அதோடு ஒருநாள் தெரியவந்தால் அந்தப் பக்கத்து வீட்டு அக்காவுக்கும் உங்கள் அத்தைக்கும் ஆயுசுக்கும் பேச்சுவார்த்தை இருக்காது.

நான் நாமக்கல் பக்கம் முட்டைக்கோழிப் பண்ணையில் வேலை பார்க்கிறேன். புரட்டாசி வந்தால் முட்டை விலையும் கறிக்கோழி விலையும் இறங்குவது எங்களுக்கு வருஷா வருஷம் பழக்கம். அத்தனை வீடு இந்த விரதத்தைக் கடைப்பிடிக்கிறது, எங்கள் வீடும் அதில் ஒன்று. ஆனால் எங்கள் அம்மா ஒன்று செய்வார். என் தங்கச்சி பிரசவத்துக்கு வந்திருந்தது புரட்டாசியில். பால் ஊற வேண்டும் என்று பால்சுறா வாங்கி வரச் சொல்லி, கொல்லையில் மூணு கல்லை வைத்து, தனிச் சட்டியில் புட்டு செய்து, அங்கேயே திண்ணையில் உட்காரவைத்துக் கொடுத்தார். சட்டி வீட்டுக்குள் வரவில்லை. அம்மா அதற்கப்புறம் குளித்துவிட்டுத்தான் சாமி அறைக்குப் போனார். விரதமும் போகவில்லை, பிள்ளை பெற்றவளும் பட்டினி கிடக்கவில்லை. உங்கள் அத்தை காலத்திலும் இப்படி ஏதாவது நடந்திருக்கும், கேட்டுப் பாருங்கள்.

சத்துணவு முட்டையை மட்டும் விட்டுவிடாதீர்கள். 1982 இல் சத்துணவு ஆரம்பித்தபோது தினசரி முட்டை எல்லாம் கிடையாது. 1989 இல் இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று வந்து, படிப்படியாக ஏறி, 2010 இல்தான் வாரத்துக்கு ஐந்து என்று ஆனது. வீட்டில் கிடைக்காத பிள்ளைக்குக் கிடைக்க வேண்டும் என்றுதானே அதைக் கொண்டுவந்தார்கள்.

தஞ்சை செவிலியர்:

ஆரம்ப சுகாதார நிலையத்தில் பல வருஷமாக வேலை பார்க்கிறேன், இந்த மாதிரி பிள்ளைகளைத் தினமும் பார்க்கிறேன். அதனால் கொஞ்சம் விலாவாரியாகவே சொல்கிறேன், தோழி.

12 வயதுக்கு மேல் பெண் பிள்ளைக்கு ஹீமோகுளோபின் 12 இருக்க வேண்டும். 8 இலிருந்து 10.9 வரை நடுத்தர ரத்தசோகை. 9.4 என்றால் பயப்பட வேண்டாம், ஆனால் ஐப்பசி வரட்டும் என்று தள்ளிப்போடுகிற அளவும் இல்லை. இங்கே முக்கியமான விஷயம், இதைச் சரிசெய்யப்போவது மாத்திரைதான். மாத்திரைக்கும் புரட்டாசிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, அத்தையும் ஒன்றும் சொல்லப்போவதில்லை. பள்ளியில் வாரம் ஒருமுறை நீல மாத்திரை கொடுப்பார்கள், அது ரத்தசோகை வராமல் தடுக்க. அதுதான் கொடுக்கிறார்களே என்று டாக்டர் எழுதினதை நிறுத்திவிடாதீர்கள். பூச்சி மாத்திரை பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பள்ளியில் கொடுப்பதைப் போட்டாளா என்றும் கேளுங்கள். வயிற்றில் கொக்கிப்புழு இருந்தால் என்ன சாப்பிட்டாலும் ரத்தம் ஏறாது. மாதவிலக்கு எத்தனை நாள் போகிறது, எத்தனை துணி மாற்றுகிறாள் என்பதையும் டாக்டரிடம் சொன்னீர்களா? வயதுக்கு வந்த முதல் ஒன்றிரண்டு வருஷத்தில் சில பிள்ளைகளுக்கு அதிகமாகப் போகும், அம்மாவிடம்கூடச் சொல்லமாட்டார்கள்.

இப்போது முட்டை. முட்டை நல்ல சாப்பாடு, ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம், பி12 எல்லாம் இருக்கிறது, வளர்கிற பிள்ளைக்கு வேண்டும். ஆனால் ரத்தம் ஊற முட்டைதான் வேண்டும் என்பது சரியில்லை. ஒரு முட்டையில் இரும்புச்சத்து சுமார் 1 மில்லிகிராம்தான், அதிலும் உடம்பில் சேருவது கொஞ்சம். உங்கள் மகள் வயதுக்கு ஒரு நாளைக்கு 28 இலிருந்து 30 மில்லிகிராம் வேண்டும் என்று ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்கிறது. வளர்ந்த ஆணுக்கு 19 தான். ஈரல், சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்) இரண்டும்தான் கவுச்சியில் இதற்கு மேலானவை. கோழி ஈரல் 100 கிராமில் சுமார் 9 மில்லிகிராம், அதுவும் உடம்பு சுலபமாக எடுத்துக்கொள்கிற வகை. இனி உங்கள் சொந்தக் கணக்கைப் பாருங்கள். வீட்டிலேயே அதிகம் தேவைப்படுகிறவள் அவள். ஈரல் போவது பையன்களுக்கு. அதாவது ஆவணியிலும் ஐப்பசியிலும்கூட அவள் தட்டுக்கு ஈரல் வரவில்லை. புரட்டாசியை மட்டும் பிடித்துக்கொண்டு சண்டை போட்டு ஜெயித்தாலும் மற்ற பதினோரு மாதமும் கழுத்தெலும்புதானே?

எனக்கு இதில் கோபமே வருகிறது, மன்னிக்கவும். 2019 முதல் 2021 வரை எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 இலிருந்து 49 வயது வரை உள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை. இவ்வளவு முன்னேறின மாநிலத்தில் பாதிக்கு மேல். ஒரு மாதம் கறி தின்னாததால் இது வராது. கடைசியில் உட்கார்ந்து, மிச்சத்தை வழித்துச் சாப்பிட்டு, குழம்பு தீர்ந்திருந்தால் ஊறுகாயோடு மோர் ஊற்றி முடித்துக்கொள்கிற பழக்கம் பாட்டியிடமிருந்து பேத்தி வரை வந்துகொண்டே இருக்கிறது, அதுதான் பெரிய காரணங்களில் ஒன்று. வயதுக்கு வந்த அன்றைக்கே அவள் பந்தி மாறிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், உடம்பில் தேவை கூடின அதே நாளில் தட்டில் பங்கு குறைந்துவிட்டது. இதைத்தான் நீங்கள் முதலில் பேச வேண்டும்.

புரட்டாசியில் சைவத்திலேயே செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. கம்பு 100 கிராமில் 6 மில்லிகிராமுக்கு மேல், கொள்ளு 8 க்கு மேல், முருங்கைக்கீரை 4 க்கு மேல். எள்ளுருண்டை, சனிக்கிழமைச் சுண்டல் எல்லாம் கணக்கில் சேரும். ஆனால் தானியம், கீரையில் இருக்கிற இரும்பு உடம்பில் குறைவாகத்தான் சேரும். அதற்கு எலுமிச்சையோ நெல்லிக்காயோ கொய்யாவோ கூடவே வேண்டும். சுண்டலில் எலுமிச்சை பிழிந்து கொடுங்கள். சாப்பிட்ட கையோடு டீ, காபி கூடாது, முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் தள்ளியே இருக்கட்டும். பல வீட்டில் பிள்ளைகள் காலையில் டீயும் வர்க்கியும் தின்றுவிட்டுப் பள்ளிக்குப் போகிறார்கள், அதை முதலில் நிறுத்துங்கள்.

விருதுநகர் பாட்டி:

கண்ணு, நானும் ஒரு மாமியார்தான், மூணு மருமகள் எடுத்தவள். அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

உன் அத்தையிடம் "டாக்டர் சொன்னார், நீங்கள் விடமாட்டேன்கிறீர்கள்" என்று ஆரம்பித்தால் காரியம் கெட்டுவிடும். ஓரகத்தி முன்னாடியும் வேண்டாம், மகன்கள் முன்னாடியும் வேண்டாம். மத்தியானம் வெங்காயம் உரிக்கும்போதோ கீரை ஆயும்போதோ தனியாகப் பேசு. முதலில் ஒன்று கேள்: "அத்தே, நீங்க வயசுக்கு வந்தப்ப உங்க அம்மா என்னென்ன கொடுத்தாங்க?" அவ்வளவுதான் கேட்க வேண்டும், அவரே சொல்வார். எங்கள் கரிசல்காட்டில் தடுக்கில் உட்காரவைத்த நாளிலிருந்து காலையில் வெறும் வயிற்றில் நாட்டுக்கோழி முட்டையை உடைத்து வாயில் ஊற்றி, அந்த ஓட்டிலேயே நல்லெண்ணெய் பிடித்துக் குடிக்கச் சொல்வார்கள். அப்புறம் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் ஊற்றிக் கிண்டின உளுந்தங்களி. வீட்டில் எந்த விரதம் இருந்தாலும் சமைந்த பிள்ளைக்கு அது நிற்காது. இடுப்பு எலும்பு பலப்படணும், நாளைக்குப் பிள்ளை பெறணும் என்பார்கள். எந்தக் காரணம் சொன்னால் என்ன, பிள்ளைக்குக் கொடுத்தார்கள். நோயாளிக்கும் குழந்தைக்கும் பிள்ளைத்தாச்சிக்கும் விரதம் கிடையாது என்று எங்கள் பெரியவர்கள் சொல்லித்தான் நாங்கள் கேட்டது. உன் அத்தைக்கும் இது தெரியாமல் இருக்காது, ஞாபகப்படுத்த ஆள் இல்லை.

அந்தச் செவிலியர் பிள்ளை சொன்ன கடைசிப் பந்தி விஷயம் நூற்றுக்கு நூறு சரி. நாங்கள் அப்படித்தான் சாப்பிட்டோம். சட்டியில் அடியில் ஒட்டினதை ஒரு பிடி சோறு போட்டுப் பிரட்டித் தின்றால் அதுதான் கறிச்சோறு. யாரும் எங்களுக்கு வேண்டாம் என்று சொல்லவில்லை, இல்லை என்றுதான் இருந்தது. பரிமாறுகிறவள் கையில்தான் எல்லாம் இருக்கிறது கண்ணு. என் வீட்டில் நான் ஒன்று மாற்றினேன். சட்டியை இறக்கினதுமே, யாரும் உட்காருவதற்கு முன்னால், எல்லோருக்கும் பங்கு பிரித்துக் கிண்ணத்தில் எடுத்து வைத்துவிடுவேன். யார் எப்போது உட்கார்ந்தாலும் அவரவர் கிண்ணம் இருக்கும். பெரியவர் முதலில் சாப்பிடட்டும், அதில் மரியாதை இருக்கிறது, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அடுத்தவள் பங்கைச் சேர்த்துச் சாப்பிட வேண்டியதில்லையே. ஆரம்பத்தில் என் வீட்டுக்காரர் "என்ன இன்னிக்கு அளந்து வைக்கிறே" என்று கேட்டார். "பிள்ளைகளுக்கும் வேணும்ல" என்றேன். அதோடு சரி.

இன்னொன்று, உன் அத்தையையும் ரத்தம் பார்க்கக் கூட்டிக்கொண்டு போ. உன்னையும் பார்.

வடமராட்சியான்:

நான் கொஞ்சம் மாறிச் சொல்லப்போகிறேன், கோவிக்க வேண்டாம் அக்கா.

எங்கட ஊர் யாழ்ப்பாணத்தில் மச்சம், அதாவது மீன், இறைச்சி சமைக்கிற சட்டி வேறு, சைவச் சட்டி வேறு. அம்மம்மா மச்சச் சட்டியைக் குசினிக்குள் வைக்கவே விடமாட்டா, வெளியில் தாழ்வாரத்தில்தான் இருக்கும். வெள்ளிக்கிழமை சைவம். நல்லூர்த் திருவிழா 25 நாளும் கனபேர் மச்சம் தொடமாட்டார்கள், கந்தசஷ்டி ஆறு நாளும் அப்படித்தான். கேதாரகௌரி விரதம் 21 நாள். இந்த நாட்களில் வீடு கழுவிச் சாம்பிராணி போட்டு இருக்கிற அந்த ஒழுங்கு, பிறகு வெளிநாட்டுக்கு வந்து குளிரில் தனி அறையில் இருக்கும்போதுதான் எனக்கு அதன் அருமை தெரிந்தது. நான் இப்பவும் விடவில்லை.

ஆகவே உங்கள் அத்தை ஒரு மாதம் வீட்டுக்குள் முட்டை வேண்டாம் என்றால் அதை விட்டுக்கொடுக்கலாம் என்பதுதான் என் எண்ணம். அவவுக்கு அது வெறும் சாப்பாட்டு விஷயம் இல்லை. செவிலியர் அக்காவே முட்டையால் ரத்தம் ஊறப்போவதில்லை என்று சொல்லிப்போட்டா. பிறகு எதற்கு அதில் போய் நிற்க வேண்டும்? அந்த மாதத்தை அவவுக்கு விட்டுக்கொடுத்து, மற்ற விஷயத்தைக் கேட்டு வாங்குங்கள்: பிள்ளை பெடியங்களோடு முதலில் சாப்பிட வேண்டும், ஈரல் அவளுக்கு. ஒன்றைக் கொடுத்தால் ஒன்றைக் கேட்கலாம். எங்கட வீட்டில் அம்மா முருங்கையிலை வறையில் தேங்காய்ப்பூ நிறையப் போட்டு, கடைசியில் தேசிக்காய்ப் புளி (எலுமிச்சைச் சாறு) விட்டு இறக்குவா. விரத நாளில் பிள்ளைகளுக்கு அதுதான், அலுக்காமல் சாப்பிடுவோம்.

கோழிப்பண்ணைக்காரன்:

வடமராட்சி அண்ணன் சொல்வது வீட்டு முட்டைக்குச் சரி. பள்ளி முட்டைக்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ரத்தத்துக்கு இல்லை என்றாலும் அந்தப் பிள்ளைக்குத் தினமும் கிடைக்கிற நல்ல புரதம் அது ஒன்றுதான் போலிருக்கிறது, எழுதியிருப்பதைப் பார்த்தால்.

திண்டுக்கல் மருமகள்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று மத்தியானம் முருங்கைக்கீரை உருவும்போது பேசினேன். பாட்டி சொன்ன மாதிரியே அத்தை வயதுக்கு வந்த கதையைக் கேட்டேன். முட்டையும் நல்லெண்ணெயும் என்று அவர் வாயாலேயே வந்தது. அவர் அம்மா ஒளித்துவைத்து இரண்டு முட்டை கொடுத்ததையும், அதற்கு அவர் பாட்டி திட்டினதையும் சொல்லிக்கொண்டே இருந்தார், நானும் கீரையை உருவிக்கொண்டே கேட்டேன். அப்புறம் மகளின் ரத்தப் பரிசோதனைச் சீட்டை எடுத்துக் காட்டி, 12 இருக்க வேண்டிய இடத்தில் 9.4 இருக்கிறது என்றேன். சீட்டை வாங்கித் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். வீட்டுக்குள் முட்டை வேண்டாம், அதில் மாற்றமில்லை. ஆனால் "பள்ளிக்கூடத்துல போடுறதைத் தின்னட்டும், நான் கேக்கலை" என்றுவிட்டார். அதற்கு மேல் நானும் கேட்கவில்லை. ரத்தம் பார்க்க வரச் சொன்னதற்கு மட்டும் "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்று எழுந்து போய்விட்டார். மாடி ஏறினால் அவருக்கு மூச்சு வாங்குகிறது, அதனால் விடப்போவதில்லை.

பந்தி விஷயத்தை ஓரகத்தியிடம் சொன்னேன். அவள் நேற்று ராத்திரி ஒன்றும் பேசாமல் பையன்கள் இருவரோடு மூன்றாவது தட்டையும் வைத்து என் மகளைக் கூப்பிட்டு உட்காரவைத்துவிட்டாள். மாமா பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. புரட்டாசிக்கு முன் வருகிற ஞாயிற்றுக்கிழமை கோழியோடு ஈரல் தனியாகக் கால் கிலோ வாங்கி மூன்று பேருக்கும் பிரிப்பதாக இருக்கிறோம், பாட்டி சொன்ன கிண்ணம் முறையில்.

செவிலியர் அக்காவிடம் ஒரு சந்தேகம். மாத்திரை போட்டால் குமட்டுகிறது என்கிறாள், மலமும் கறுப்பாகப் போகிறதாம். நிறுத்திவிடலாமா?

தஞ்சை செவிலியர்:

நிறுத்த வேண்டாம். இரும்பு மாத்திரை போட்டால் மலம் கறுப்பாகத்தான் போகும், அவளிடம் சொல்லி வையுங்கள், பயந்துகொண்டு ரகசியமாகத் தூக்கிப் போடுகிற பிள்ளைகள் உண்டு. வெறும் வயிற்றில் போட்டால் நன்றாகச் சேரும், ஆனால் குமட்டினால் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு போடச் சொல்லுங்கள், படுத்துத் தூங்கிவிட்டால் குமட்டல் தெரியாது. பாலோடு வேண்டாம், எலுமிச்சைச் சாறோடு போடலாம். கால்சியம் மாத்திரையும் எழுதியிருந்தால் இரண்டையும் ஒரே நேரத்தில் போடாமல், ஒன்று காலையில், ஒன்று ராத்திரி என்று பிரித்துவிடுங்கள். அப்படியும் வாந்தி நிற்கவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள், வேறு வகை மாற்றிக் கொடுப்பார். ஒரு மாதம் கழித்து மறுபடி ரத்தம் பாருங்கள். ஏறியிருந்தாலும் டாக்டர் சொல்கிற வரை தொடர வேண்டும், உடம்பில் சேமிப்பு நிரம்ப இன்னும் சில மாதம் ஆகும்.

மறுபடி ரத்தம் பார்க்கப் போகும்போது அத்தையையும் துணைக்குக் கூப்பிடுங்கள். பேத்திக்குத் துணை என்றால் வருவார். வந்த இடத்தில் விரலில் ஒரு குத்து, அவ்வளவுதான். மூச்சு வாங்குவதையும் மறக்காமல் அங்கேயே சொல்லிவிடுங்கள்.